டீசல் என்ஜின் ஆயில் பரிசோதனை: சாம்பிள் எடுப்பதிலிருந்து ரிப்போர்ட் படிப்பது வரை

லாரி, ஜென்செட், பொக்லைன் என்று டீசல் என்ஜின்களைப் பராமரிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் ஆயில் சாம்பிள் எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தவறுகளில் பெரும்பாலானவை பாட்டில் லேபுக்குப் போய்ச் சேரும் முன்பே நடந்துவிடுகின்றன. சாம்பிள் கெட்டுவிட்டால், லேபில் எவ்வளவு நல்ல மிஷின் இருந்தும் பயன் இல்லை. அதனால் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். உதாரணத்துக்கு 15டபிள்யூ-40 டீசல் ஆயிலையே கடைசி வரை எடுத்துக்கொள்கிறேன். நம் ஊரில் பலரும் ஊற்றுவது அதுதான்.

1. முதலில் டின்னைப் படியுங்கள்

ரிப்போர்ட்டில் வரும் எண்களை எதோடு ஒப்பிடுவது என்று தெரியாமல் சோதனைக்கு அனுப்பினால், வந்த தாளை ஃபைலில் போட்டு வைக்க வேண்டியதுதான். ஒப்பிட வேண்டியது டின்னிலேயே இருக்கிறது.

15டபிள்யூ-40 என்பதில் 40 என்பது என்ஜின் சூடாக இருக்கும்போது ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைச் சொல்கிறது. 100 டிகிரி செல்சியஸில் அதன் பாகுநிலை 12.5 சென்டிஸ்டோக்குக்குக் குறையக் கூடாது, 16.3-ஐ எட்டவும் கூடாது. எஸ்ஏஇ ஜே300 என்ற தரம் வகுத்த எல்லை இது. அதற்குக் கீழே போனால் 30 கிரேடு, மேலே போனால் 50 கிரேடு. முன்னால் இருக்கும் 15டபிள்யூ, குளிரில் ஸ்டார்ட் ஆவதைப் பற்றியது. சமவெளியில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அது பெரிய கவலை இல்லை.

அடுத்து ஏபிஐ எழுத்து, அதாவது ஆயிலின் தரத்தைக் காட்டும் குறி: சிஐ-4, சிகே-4 போன்றவை. பாகுநிலை ஒன்றாக இருந்தாலும் உள்ளே கலந்திருக்கும் ரசாயனம் வேறு. சிகே-4 ஆயிலில் சல்ஃபேட்டட் சாம்பல் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. காரணம், எரிந்த ஆயில் விட்டுச் செல்லும் சாம்பல் புகைக்குழாயில் இருக்கும் டிபிஎஃப் வடிகட்டியில் போய் அடைத்துக்கொள்ளும். கரியை எரிப்பதுபோல அதை எரித்து நீக்க முடியாது. டிபிஎஃப் உள்ள பிஎஸ்-6 வண்டியில், கையில் இருக்கிறதே என்று பழைய தர ஆயிலை ஊற்றக் கூடாது என்பது இதனால்தான்.

2. புது ஆயிலிலிருந்து ஒரு சாம்பிள் அனுப்புங்கள்

ஓடாத ஆயிலுக்கு எதற்கு டெஸ்ட் என்று பலரும் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். பின்னால் வரும் குழப்பங்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. புதிய பேரல் வரும்போதெல்லாம், குறைந்தது பிராண்டை மாற்றும்போதாவது, புது ஆயிலில் ஒரு பாட்டில் அனுப்பி அடிப்படை எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏன் என்று புரிய, ஆயிலுக்குள் என்னென்ன கலந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். அடிப்படை எண்ணெயோடு பல சேர்மானங்கள் இருக்கின்றன. கால்சியம், மக்னீசியம் சார்ந்த டிடர்ஜென்ட், டீசல் எரியும்போது உண்டாகும் அமிலத்தை முறிக்கும். பிஸ்டனில் படிவு ஒட்டாமல் காக்கும். துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த இசட்டிடிபி, உலோகத்தோடு உலோகம் உரசும் இடத்தில் மெல்லிய பாதுகாப்புப் படலம் உண்டாக்கும். ஆயில் ஆக்ஸிஜனேற்றம் ஆவதையும் தாமதப்படுத்தும். டிஸ்பெர்சன்ட், கரித்துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகாமல் தனித்தனியாக மிதக்க வைக்கும். பாகுநிலைக் குறியீட்டை உயர்த்தும் பாலிமர், சூட்டில் ஆயில் தண்ணீராகிப் போகாமல் பிடித்து வைக்கும். நுரையை உடைக்க மிகச் சிறிய அளவில் சிலிக்கோனும் இருக்கும்.

கடைசியாகச் சொன்ன சிலிக்கோனைக் கவனியுங்கள். அதிலும் சிலிக்கான் என்ற தனிமம் இருக்கிறது. தூசி நுழைந்தாலும் ரிப்போர்ட்டில் அதே சிலிக்கான்தான் ஏறும். புது ஆயிலிலேயே சிலிக்கான் எவ்வளவு என்று தெரியாவிட்டால், ஏர் ஃபில்டர் கெட்டதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது?

3. சாமான்களைத் தயார் செய்யுங்கள்

லேபே தரும் 100 அல்லது 120 மில்லி பிளாஸ்டிக் பாட்டில், கையால் இழுக்கும் வேக்குவம் பம்ப், புது டியூப், பஞ்சு பிரியாத துணி, கையுறை, அழியாத பேனா. இவ்வளவுதான்.

தண்ணீர் பாட்டிலைக் கழுவிக் காயவைத்து அதில் அனுப்புவது நான் அதிகம் பார்த்த தவறு. எவ்வளவு காய்ந்தாலும் மூடியின் மரைக்குள் ஈரம் தங்கும். டீசலால் அலசிய பாட்டில் இன்னும் மோசம்: என்ஜினில் டீசல் கலந்திருப்பதாக ரிப்போர்ட் வரும், நீங்கள் இன்ஜெக்டரைக் கழற்றி உட்கார்ந்திருப்பீர்கள். டியூபும் ஒரு என்ஜினுக்கு ஒன்றுதான். உள்ளே ஒட்டியிருக்கும் நாலு சொட்டு, பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவில் பார்க்கும் சோதனையைக் குழப்பப் போதும்.

கையுறை அழுக்குப் படாமல் இருக்க மட்டும் இல்லை. ஓடிய என்ஜின் ஆயில் தோலில் தொடர்ந்து படுவது புற்றுநோய் வரை கொண்டுபோகும். வெறுங்கையில் வேலை செய்து பழகிய மூத்த மெக்கானிக்குகளுக்கும் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

4. சாம்பிள் எடுங்கள்

முதலில் என்ஜினை வேலைச் சூட்டுக்கு வரும்வரை ஓட்டி நிறுத்துங்கள். நிறுத்திய கால் மணி நேரத்துக்குள், அதிகம் போனால் அரை மணி நேரத்துக்குள், எடுத்துவிடுங்கள். சூடான ஆயிலில் துகள்களும் தண்ணீரும் ஒரே சீராகக் கலந்திருக்கும். ராத்திரி முழுக்க நின்ற என்ஜினில் கனமானவை அடியில் படிந்துவிடும். மேலே இருப்பது பொய்யான சுத்தம்.

அப்புறம் டியூபின் நீளம். டிப்ஸ்டிக்கை வெளியே எடுத்து டியூபோடு சேர்த்துப் பிடித்து, டிப்ஸ்டிக் நுனிக்குச் சற்றுக் கீழே போகும் அளவில் குறி போட்டுக்கொள்ளுங்கள். அப்போதுதான் டியூபின் வாய் ஆயிலின் நடுவில் நிற்கும். ஆயில் பேனின் அடியைத் தொட்டால் பழைய வண்டலை உறிஞ்சும்.

டிப்ஸ்டிக் வாயைச் சுற்றித் துடைத்துவிட்டு டியூபை விடுங்கள். பாட்டில் மூடியை அந்த நேரத்தில்தான் திறக்க வேண்டும். முக்கால் பாட்டில் போதும். நிரப்பிவிட்டால், லேபில் குலுக்கிக் கலக்க இடம் இருக்காது. மூடியை உடனே இறுக்குங்கள்.

ட்ரெயின் நட்டைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும் என்ற நிலை இருந்தால், முதலில் வருவதைப் பிடிக்காதீர்கள். கொஞ்ச நேரம் ஓடவிட்டு நடுவில் பிடியுங்கள். வடித்துவைத்த டிரேயிலிருந்தோ ஆயில் ஃபில்டரைக் கவிழ்த்தோ எடுக்கவே கூடாது. டாப்-அப் ஊற்றிய உடனேயும் வேண்டாம். புது ஆயில் கலந்து எல்லா எண்களையும் நன்றாகக் காட்டிவிடும். வழக்கமாக எடுக்கும் நாள் வந்துவிட்டால், சாம்பிளை எடுத்த பிறகு டாப்-அப் செய்யுங்கள்.

5. லேபிளை அங்கேயே எழுதுங்கள்

நாலு என்ஜினுக்கு நாலு பாட்டில் எடுத்துவிட்டு ஆபீஸில் வந்து எழுதலாம் என்று நினைத்தால், எது எது என்று குழம்பிவிடும். என்ஜின் பக்கத்திலேயே எழுதுங்கள்: என்ஜின் எண், ஆயிலின் பெயரும் கிரேடும், என்ஜின் ஓடிய மொத்த மணி நேரம், இந்த ஆயில் ஓடிய மணி நேரம், இடையில் ஊற்றிய டாப்-அப் எத்தனை லிட்டர், தேதி.

இதில் ஆயில் ஓடிய மணி நேரத்தையும் டாப்-அப்பையும்தான் எல்லோரும் விடுகிறார்கள். அந்த இரண்டும் இல்லாமல் இரும்பு 40 பிபிஎம் என்றால் அதற்கு அர்த்தமே இல்லை. 250 மணி நேரத்தில் 40 என்றால் நூறு மணிக்கு 16. இன்னொரு என்ஜின் 120 மணி நேரத்தில் 36 காட்டினால் நூறு மணிக்கு 30. தாளில் பார்த்தால் இரண்டாவது என்ஜின்தான் நல்லது போலத் தோன்றும். உண்மையில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகத்தில் தேய்ந்துகொண்டிருப்பது அதுதான்.

எழுதியதும் அன்றோ மறுநாளோ அனுப்பிவிடுங்கள். மேஜை டிராயரில் மூன்று வாரம் கிடந்த பாட்டில், இப்போது என்ஜினுக்குள் நடப்பதைச் சொல்லாது.

6. பட்டறையிலேயே இரண்டு சோதனை

லேப் ரிப்போர்ட் வரச் சில நாள் ஆகும். அதற்குள் கையிலேயே பார்த்துவிடக் கூடியவை இரண்டு.

சூட்டுத் தட்டுச் சோதனை: சுமார் 160 டிகிரி சூடாக்கிய தட்டில் இரண்டு சொட்டு ஆயில் விடுங்கள். சத்தமில்லாமல் பரவினால் தண்ணீர் கவலை இல்லை. குமிழ் விட்டுப் படபடவென்று பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது, ஏறக்குறைய 0.1 சதவீதத்துக்கு மேல் இருந்தால் காதில் கேட்கும்படியே பொரியும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஆயில் தெறிக்கும். மின்சாரத் தட்டையே பயன்படுத்துங்கள், கேஸ் அடுப்பு வேண்டாம். டீசல் வாடை தூக்கலாக இருக்கும் ஆயிலை இப்படிச் சோதிக்காதீர்கள்.

தாள் சோதனை: வடிதாள் ஒன்றின் நடுப்பகுதி எதையும் தொடாதபடி ஒரு டம்ளர் விளிம்பின் மேல் வைத்து, டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரே ஒரு சொட்டு விடுங்கள். சில மணி நேரம் அசைக்காமல் விட்டுவிடுங்கள். நடுவிலிருந்து வெளிப்புறம் வரை சாம்பல் நிறம் சீராகப் பரவியிருந்தால் டிஸ்பெர்சன்ட் வேலை செய்கிறது. நடுவில் மை கொட்டினாற்போல அடர்ந்த கறுப்பு வட்டம், அதன் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் கூர்மை, அதைச் சுற்றி வெறும் மஞ்சள் எண்ணெய்: இப்படி இருந்தால் கரியைத் தாங்கும் சக்தி போய்விட்டது. அடுத்தது ஆயில் பேனில் சேறு கட்டுவதுதான்.

இந்தத் தாள் சோதனையை எளிமையாக இருக்கிறதே என்று ஒதுக்காதீர்கள். டிஸ்பெர்சன்டில் பொதுவாக உலோகம் கிடையாது. உலோகங்களை எண்ணும் லேப் மிஷினுக்கு அது கண்ணில் படாது.

இன்னொன்று. ஆயில் கறுத்துவிட்டது என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். டீசல் என்ஜினில் மாற்றிய சில மணி நேரத்திலேயே கறுத்துவிடும். கரியைத் தன்னுள் வைத்துக்கொள்வதுதான் அதன் வேலை.

7. சரியான டெஸ்ட்டைக் கேளுங்கள்

சும்மா ‘ஆயில் டெஸ்ட்’ என்று எழுதி அனுப்பினால், லேப் தன்னிடம் இருக்கும் ஏதோ ஒரு பேக்கேஜைச் செய்துவிடும். டீசல் என்ஜினுக்கு இவை கட்டாயம் வேண்டும்: 100 டிகிரியில் பாகுநிலை, தண்ணீர், கரி, டீசல் கலப்பு, டிபிஎன் (அமிலத்தை முறிக்கும் சக்தி ஆயிலில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் எண்), உலோகப் பகுப்பாய்வு. ஆயிலை நீண்ட நேரம் ஓட்டுகிறீர்கள் என்றால் ஆக்ஸிஜனேற்றத்தையும் அமில எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிபிஎன் கேட்கும்போது முறையையும் குறிப்பிடுங்கள். ஆயில் கம்பெனியின் விவரத் தாளில் பெரும்பாலும் ஏஎஸ்டிஎம் டி2896 முறையில் எடுத்த எண் இருக்கும். ஓடிய ஆயிலுக்குப் பல லேப்கள் டி4739 முறையைப் பயன்படுத்தும், அது குறைவாகவே காட்டும். முறை வேறு என்று தெரியாமல் இரண்டையும் ஒப்பிட்டு, டிபிஎன் சரிந்துவிட்டது என்று நல்ல ஆயிலை வடித்தவர்கள் உண்டு. புது ஆயிலுக்கும் ஓடிய ஆயிலுக்கும் ஒரே முறை, ஒரே லேப்.

8. ரிப்போர்ட்டை இந்த வரிசையில் படியுங்கள்

புதியவர்கள் நேராக இரும்பு எவ்வளவு என்று பார்க்கிறார்கள். அது கடைசியில் பார்க்க வேண்டியது.

முதலில், இது உங்கள் ஆயில்தானா? கால்சியம், மக்னீசியம், துத்தநாகம், பாஸ்பரஸ் எண்கள் புது ஆயிலோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். கால்சியம் பாதியாகி மக்னீசியம் திடீரென்று ஏறியிருந்தால், யாரோ வேறு ஆயிலை டாப்-அப் செய்திருக்கிறார்கள் அல்லது பாட்டில் மாறிவிட்டது. இதைச் சரிசெய்யாமல் மேலே படிப்பதில் அர்த்தமில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. துத்தநாகம் குறையவில்லை என்பதால் சேர்மானம் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இசட்டிடிபி சிதைந்த பிறகும் அதிலிருந்த துத்தநாக அணு ஆயிலுக்குள்ளேயேதான் கிடக்கும். மிஷின் அணுவை எண்ணுகிறது. அது உயிரோடு வேலை செய்கிறதா என்று அதற்குத் தெரியாது.

இரண்டாவது, வெளியிலிருந்து என்ன நுழைந்தது? தண்ணீர் 0.2 சதவீதத்தைத் தாண்டினால் பொறுத்திருக்க வேண்டாம். தண்ணீர் இல்லை என்று வந்தாலும் சோடியம், பொட்டாசியம் இரண்டையும் பாருங்கள். கூலன்ட் கசிந்தால் அதிலுள்ள தண்ணீர் என்ஜின் சூட்டில் ஆவியாகிவிடும். உப்புகள் தங்கிவிடும். அவை சேர்ந்து ஏறியிருந்தால் ஹெட் கேஸ்கட், ஆயில் கூலர், லைனர் ஓ-ரிங் ஆகியவற்றைச் சந்தேகப்படுங்கள். கடலோர ஊர்களில் உப்புக் காற்றாலும் சோடியம் கொஞ்சம் ஏறும். ஆனால் கூலன்டில் சேர்க்கும் மற்ற பொருட்கள் அதோடு சேர்ந்து வராது.

மூன்றாவது, பாகுநிலை. குறைந்திருந்தால் ஒன்று டீசல் கலந்திருக்கிறது, இல்லையென்றால் பாலிமர் நறுங்கிவிட்டது. கூடியிருந்தால் கரி, ஆக்ஸிஜனேற்றம் அல்லது கெட்டியான வேறு ஆயில். புது ஆயிலிலிருந்து 20 சதவீதம் விலகினாலோ பக்கத்துக் கிரேடுக்குப் போய்விட்டாலோ காரணம் தேட வேண்டும்.

ஆனால் பாகுநிலை சரியாக இருப்பதும் ஏமாற்றும். இன்ஜெக்டர் ஒழுகினால் டீசல் கலந்து ஆயில் நீர்க்கும். அதே கெட்ட இன்ஜெக்டரால் கரி சேர்ந்து ஆயில் கெட்டியாகும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி, 14-ல் இருந்த எண் 14-லேயே நிற்கும். அதனால்தான் கரியையும் டீசல் கலப்பையும் தனித்தனியாகக் கேட்கச் சொன்னேன். டீசல் 5 சதவீதத்தை நெருங்கினால் இன்ஜெக்டரைக் கழற்றிப் பாருங்கள். நீண்ட நேரம் ஐட்லிங்கில் ஓடும் வண்டியா என்றும் விசாரியுங்கள்.

நாலாவது, டிபிஎன். புது ஆயிலில் இருந்ததில் பாதிக்கு வந்ததும் ஆயிலை மாற்றத் திட்டமிடுங்கள். அமில எண் ஏறி டிபிஎன்னைத் தாண்டிவிட்டால் தாமதம் கூடாது, பேரிங் உலோகத்தை அமிலம் அரிக்கத் தொடங்கும். 10 பிபிஎம் கந்தகம் உள்ள பிஎஸ்-6 டீசலில் டிபிஎன் மெதுவாகவே குறையும். அதனால் டிபிஎன் நன்றாக இருக்கும்போதே கரியால் ஆயில் தீர்ந்துபோகலாம்.

9. தேய்மான உலோகங்களைச் சேர்த்துப் படியுங்கள்

ஒரு உலோகத்தைத் தனியாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது, கூட்டாளிகளோடு பார்க்க வேண்டும். இரும்பும் குரோமியமும் சேர்ந்தால் லைனர், ரிங். அலுமினியம் என்றால் பிஸ்டன். ஈயம், வெள்ளீயம், செம்பு மூன்றும் சேர்ந்து ஏறினால் பேரிங். செம்பு மட்டும் தனியாக ஏறி, ஈயம் அசையாமல் இருந்தால், புது என்ஜினில் பெரும்பாலும் ஆயில் கூலரின் செம்பு கரைகிறது என்று அர்த்தம். சில ஆயில் மாற்றங்களுக்குள் தானே அடங்கும். இதற்குப் பயந்து என்ஜினைப் பிரித்துவிடாதீர்கள்.

சிலிக்கானும் அலுமினியமும் சேர்ந்து ஏறினால் மண் தூசி. நான் ஒரு மில்லில் ஜென்செட் பார்த்துக்கொண்டிருந்தபோது இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தது. சிலிக்கான் புது ஆயிலைவிட முப்பது பிபிஎம் போல ஏறியிருந்தது, கூடவே அலுமினியம், இரும்பு, குரோமியம். ஏர் ஃபில்டரை மாற்றினோம். அடுத்த சாம்பிளிலும் அதேதான். ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டுத் துடைத்தபோது, விரல் நுனியில் செம்மண் ஒட்டியிருந்தது. ஹோஸின் அடிப்பக்கத்தில், கிளாம்ப் உட்காரும் இடத்தில், மேலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு விரிசல். ஃபில்டர் ஆரம்பத்திலிருந்தே நன்றாகத்தான் இருந்தது. தூசி அதைத் தாண்டிய இடத்தில் நுழைந்துகொண்டிருந்தது. அதிலிருந்து சிலிக்கான் ஏறினால், ஃபில்டரைத் தொடும் முன் ஹோஸின் உட்புறத்தைத் துடைத்துப் பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறேன்.

சிலிக்கான் மட்டும் தனியாக ஏறியிருந்து அலுமினியமும் இரும்பும் அப்படியே இருந்தால், அண்மையில் ஓவர்ஹால் செய்தீர்களா என்று யோசியுங்கள். கேஸ்கட்டுக்குப் போடும் சிலிக்கோன் பசையும் அப்படிக் காட்டும்.

10. ஆயில் ஃபில்டரை அறுத்துப் பாருங்கள்

உலோகப் பகுப்பாய்வு செய்யும் மிஷின் சில மைக்ரான் அளவுள்ள நுண்துகள்களைத்தான் நன்றாகப் பார்க்கும். பேரிங்கிலிருந்து உரியும் பெரிய செதில் அதன் கணக்கில் வராது. ரிப்போர்ட் நன்றாக இருந்தும் பேரிங் போவது இப்படித்தான். பெரிய துகள்கள் ஃபில்டரில் மாட்டியிருக்கும்.

ஃபில்டர் கட்டரால் சுற்றி வெட்டுங்கள். ஹேக்ஸா பிளேடால் அறுத்தால் அதன் இரும்புத் தூளே உள்ளே விழுந்து உங்களைக் குழப்பும். மடிப்புத் தாளைப் பிரித்து, ஆயில் வடிந்ததும் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். மினுக்கும் துகளைக் காந்தம் இழுத்தால் எஃகு அல்லது வார்ப்பிரும்பு. இழுக்காமல் வெள்ளி நிறத்தில் இருந்தால் அலுமினியமோ பேரிங் உலோகமோ. ஒன்றிரண்டு பொடி இருப்பது சகஜம். நகத்தில் எடுக்கும் அளவுக்குச் செதில் இருந்தால் என்ஜினை ஓட்டாதீர்கள்.

11. முடிவெடுங்கள்

ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் ஆயிலை வடித்துவிடுவதுதான் இயல்பாகத் தோன்றும். கூலன்ட், நிறையத் தண்ணீர், பேரிங் செதில், அதிக டீசல் கலப்பு இவற்றில் ஏதாவது இருந்தால் என்ஜினை நிறுத்துங்கள், அதில் இரண்டு பேச்சு இல்லை. மற்றவற்றில் முதலில் இன்னொரு சாம்பிள் எடுங்கள். ஆயிலை மாற்றிவிட்டால் தடயமும் அதோடு போய்விடும். புது ஆயிலில் எண்கள் அழகாக வரும், கோளாறு உள்ளே அப்படியே இருக்கும்.

இரண்டாவது சாம்பிளும் அதையே சொன்னால் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, அதன் பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். மாற்றிய ஆயில் 50 மணி நேரம் ஓடியதும் ஒரு சாம்பிள் எடுங்கள். சரிசெய்தது சரிதானா என்று அது சொல்லும்.

எல்லா எண்களையும் ஒரு நோட்டில் என்ஜின் வாரியாக, நூறு மணி நேரக் கணக்கில் எழுதி வாருங்கள். லேப் தரும் எல்லைகள் எல்லா என்ஜினுக்கும் பொதுவானவை. உங்கள் என்ஜினுக்கு எது வழக்கம் என்று நாலு ரிப்போர்ட் சேர்ந்த பிறகு உங்கள் நோட்டுக்குத்தான் தெரியும்.

வடித்த ஆயிலை மண்ணில் ஊற்றாதீர்கள், அடுப்பெரிக்கக் கேட்பவருக்கும் கொடுக்காதீர்கள். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. தண்ணீர் புகாத டிரம்மில் மூடிவைத்து, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.